பொறியியல் கலந்தாய்வு: விரும்பிய பாடப்பிரிவு கிடைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. இப்போது பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கணிதம் முழுதாக 100, இயற்பியலில் பாதி 50, வேதியியலில் பாதி 50, ஆக மொத்தம் 200. கணிதத்தில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 79 எடுத்தவருக்கு 88 + 42 + 39.5, அதாவது 169.5 கட்-ஆஃப். ஒரே கட்-ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். எப்படியும் பிரிக்க முடியாவிட்டால் கடைசியில் ரேண்டம் எண், அதாவது ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் கணினி குலுக்கல் போலத் தரும் எண்.

தரவரிசை வந்த பிறகு, சுற்று சுற்றாக ஆன்லைனில் கலந்தாய்வு நடக்கும். உங்கள் சுற்று வந்ததும் விருப்பப் பட்டியலைப் பதிய வேண்டும். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு கல்லூரியும் ஒரு பாடப்பிரிவும் சேர்ந்தது. உங்கள் முறை வரும்போது கணினி முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டு வரும். இடம் காலியாக இருக்கும் முதல் வரியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒவ்வொரு வரியிலும் முதலில் பொதுப்பிரிவு இடம், அது இல்லாவிட்டால் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவு இடம்.

ஆகவே, 'நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது' என்று பயந்து ஆசைப்பட்டதைக் கீழே தள்ளாதீர்கள். எட்டாத இடத்தை முதல் வரியில் எழுதினால் எந்த இழப்பும் இல்லை. கிடைக்காவிட்டால் கணினி அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். வேண்டாத பிரிவை மேலே எழுதிவிட்டால்தான் ஆபத்து. கல்லூரி முக்கியமா, பாடப்பிரிவு முக்கியமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி, ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி, அழித்து, மாற்றி எழுதிக்கொண்டு பிறகு கணினி முன் உட்காருங்கள். பிரவுசிங் சென்டரில் இருப்பவர் உங்களுக்காகப் பட்டியல் போட விடாதீர்கள், கடவுச்சொல்லையும் கொடுக்காதீர்கள். நான்கு ஆண்டுகள் அந்தப் பாடத்தோடு வாழப்போவது உங்கள் பிள்ளை.

இன்னொன்று: அரசு உதவிபெறும் சில கல்லூரிகளில் ஒரே பாடப்பிரிவு சுயநிதியாகவும் இருக்கும். அதற்குக் குறியீடு வேறு, கட்டணமும் வேறு. குறியீட்டைச் சரிபார்க்காமல் பதியாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு கல்லூரியில் சேரலாம். ஏற்றுக்கொண்டே பட்டியலில் மேலே உள்ள இடத்துக்கும் காத்திருக்கலாம். பலருக்கும் நான் சொல்வது இதைத்தான். ஆனால் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. எதை ஏற்றாலும் கட்டணத்தைக் கெடுவுக்குள் செலுத்தாவிட்டால் ஒதுக்கீடு ரத்து.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பள்ளி மாறிப் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.