கடைசிச் சேலை யாருக்கு?

பழைய வண்ணாரப்பேட்டையில் அத்தை வீட்டு மாடியில் இரண்டு அறை முழுக்கச் சேலைதான். சின்னாளப்பட்டியில் இருந்து சுங்குடி வரவழைத்து, இரண்டு பெரிய ஆன்லைன் தளங்களிலும் தன் சொந்த வலைத்தளத்திலும் விற்கிறார். ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், மஞ்சள் கரை போட்ட மெரூன் சேலை ஒன்றே ஒன்று மிச்சம். ஒரே நிமிடத்தில் அதற்கு இரண்டு ஆர்டர்: தாம்பரத்தில் இருந்து ஒன்று, கோவையில் இருந்து ஒன்று. இருவரும் பணம் கட்டிவிட்டார்கள். கோவைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, “மன்னிச்சுக்கோம்மா, சேலை தீர்ந்துபோச்சு” என்று அத்தை சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பணத்தைத் திருப்பி அனுப்பியாயிற்று. பண்டிகைக்கு உடுத்தலாம் என்று அந்தப் பெண் நினைத்திருந்தது வீணாயிற்றே என்பதுதான் அத்தைக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அத்தையின் நோட்டில் கணக்கு சரியாகவே இருந்தது. மூன்று தளங்களும் அந்த ஒரே ஒரு சேலையை ‘என்னிடம் 1’ என்று தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான் கோளாறு. இருப்பையும் ஆர்டரையும் கவனிக்கும் மென்பொருள் செய்யும் வேலை, எண்ணிக்கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு மற்ற எல்லோருக்கும் அதையே சொல்வது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, இதற்காக ஜோஹோ இன்வென்டரி என்ற மென்பொருளை விற்கிறது. இன்னும் பலரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். யார் செய்தாலும் சமாளிக்க வேண்டிய சிக்கல்கள் ஒன்றேதான்.

முதல் சிக்கல் ஒரே கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஆர்டர் வந்ததும் மூன்று வேலை நடக்க வேண்டும்: இருப்பைப் படிப்பது, போதுமா என்று பார்ப்பது, கழித்து எழுதுவது. தாம்பரம் ஆர்டர் ‘1 இருக்கிறது’ என்று படித்து முடித்து, கழித்து எழுதுவதற்குள் கோவை ஆர்டரும் அதே 1-ஐப் படித்துவிட்டால்? இரண்டுக்கும் சரி என்று பதில் போகும். இடைவெளி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தாலும், கூட்டம் அதிகமாகும்போது அந்த இடைவெளிக்குள் யாராவது நுழையத்தான் செய்வார்கள்.

கணக்கெல்லாம் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தில் இதற்கு வழி உண்டு. மூன்று வேலையையும் பிரிக்க முடியாத ஒரே கட்டளையாக்கிவிடுகிறார்கள்: ‘இருப்பு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் 1 கழி.’ அது முடியும்வரை அந்தச் சேலையின் கணக்கு வரியை வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டு விழும். இரண்டாவது ஆர்டர் வாசலில் நிற்கும். பூட்டு திறந்ததும் அது பார்ப்பது 0. அப்போதே ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்லிவிடலாம், பணமே வாங்க வேண்டாம். முழுதாக நடக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கவே கூடாது. இப்படிப்பட்ட செயல்களை நம்பகமாக நடத்துவதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே. கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது 1998-க்கு அவருக்குக் கிடைத்தது. வங்கியில் நாம் அனுப்பும் பணம் நடுவழியில் காணாமல் போகாததற்கும் இதே யோசனைதான் காரணம்.

அடுத்தது, ‘இருப்பு’ என்பதே ஓர் எண் கிடையாது. தி. நகர் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பிடித்த சேலையை “எடுத்து வைங்க, அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சேலை கடையில்தான் இருக்கும், ஆனால் இன்னொருவருக்கு விற்க முடியாது. மென்பொருளும் அப்படியே அலமாரியில் உள்ளது, ஒதுக்கப்பட்டது, விற்கக்கூடியது என்று மூன்று எண் வைத்திருக்கிறது. 10 சேலை இருந்து 4 ஒதுக்கப்பட்டிருந்தால், வெளியே சொல்ல வேண்டியது 6. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனவுடன் சேலையை ஒதுக்கி, சில நிமிடங்களில் பணம் வராவிட்டால் விடுவித்துவிடலாம். எத்தனை நிமிடம் என்பது வியாபாரியின் முடிவு. அதிகம் வைத்தால் வாங்க வந்த அடுத்தவர் திரும்பிப் போவார். குறைத்தால், ஓடிபி வருவதற்குள் சேலை கைமாறிவிடும்.

உண்மையான கஷ்டம் தூரத்தில் இருக்கிறது. பெரிய தளங்கள் தங்களுக்கென்று ஓர் எண் வைத்திருக்கின்றன. அதை அத்தையின் மென்பொருளால் பூட்ட முடியாது, ‘மாற்றிக்கொள்’ என்று செய்தி அனுப்பத்தான் முடியும். ஆர்டர் வந்தால் தளமே மணியடித்துச் சொல்வது ஒரு முறை. மென்பொருள் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை போய் ‘ஏதாவது வந்ததா?’ என்று கேட்பது இன்னொரு முறை. அடிக்கடி கேட்கவும் விடமாட்டார்கள், நிமிடத்துக்கு இத்தனை கேள்வி என்று வரம்பு உண்டு. எப்படிச் செய்தாலும் சில நொடியோ சில நிமிடமோ தாமதம் இருக்கும். அந்தத் தாமதத்தில்தான் இரட்டை விற்பனை நடக்கிறது.

செய்தி தொலைந்தும் போகும். ‘இந்த ஆர்டருக்கு 1 கழி’ என்று அனுப்பி, பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். செய்தி போய்ச் சேரவில்லையா, அல்லது சேர்ந்து கழித்தபின் பதில்தான் தொலைந்ததா? அனுப்பியவருக்குத் தெரிய வழியே இல்லை. திரும்ப அனுப்பினால் 2 கழிந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு செய்தியிலும் ஆர்டர் எண்ணைச் சேர்க்கிறார்கள். செய்தியைப் பெறும் கணினி ‘இந்த எண்ணுக்கு ஏற்கெனவே கழித்தாயிற்று’ என்று பார்த்துச் சும்மா இருந்துவிடும். அப்புறம் பத்து முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த யோசனை இது. வலையமைப்பைத் திருத்த முயலாமல், அது தவறும் என்று ஏற்றுக்கொண்டு, தவறினாலும் கணக்குக் கெடாதபடி செய்திருக்கிறார்கள்.

இருந்தும் தாமதம் தாமதம்தான். அதனால் ஓர் எளிய தற்காப்பு: 5 இருந்தால் வெளித் தளங்களில் 3 என்று காட்டுவது. கடைசி ஒன்று மிஞ்சும்போது எல்லா வெளித் தளங்களிலும் 0 காட்டிவிட்டு, சொந்த வலைத்தளத்தில் மட்டும் விற்பது. அங்கேதானே பூட்டு நம் கையில் இருக்கிறது. அத்தை இப்போது இதைத்தான் செய்கிறார். இதனால் சில விற்பனை கைநழுவும். கோவைப் பெண்ணிடம் பேசியதுபோல இன்னொருமுறை பேசுவதைவிட அது மேல் என்கிறார்.

எழுதும் முறையிலும் ஒரு விஷயம் உண்டு. நல்ல மென்பொருள் 12-ஐ அழித்து 11 என்று எழுதாது. பேரேட்டில் எழுதுவதுபோல, வந்தது, போனது, திரும்பியது என்று வரிவரியாகச் சேர்த்துக்கொண்டே போகும். இருப்பு என்பது அந்த வரிகளின் கூட்டல். கணக்கு உதைத்தால், எந்த நாள் எந்த வரியில் என்று தேடிப்போகலாம். டெலிவரியின்போது பணம் தருவதாகச் சொல்லிவிட்டு வாங்க மறுக்கும் பார்சல்கள் நம் ஊரில் ஏராளம். அவை திரும்பி வந்ததும் நேராக விற்பனை எண்ணில் சேரக் கூடாது. பிரித்து, கறை கிழிசல் பார்த்து, மடித்து வைத்தபின்தான் சேர வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் மாடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டாகப் பிரித்து எண்ணினோம். பச்சைச் சுங்குடி திரையில் 27, கையில் 24. இரண்டு சேலைகள் திரும்பி வந்த பார்சல் மூட்டையில் பிரிக்காமல் கிடந்தன. ‘வந்தது’ என்று மட்டும் யாரோ அவசரமாகப் பதிந்திருக்கிறார்கள். மூன்றாவதைத் தேடி அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சாயம் போகிறதா பார்க்கலாம் என்று காலையில் அத்தைதான் அலசிப் போட்டிருந்தார். ‘சோதனைக்கு எடுத்தது, 1’ என்று ஒரு வரி பதிந்துவிட்டு, அடுத்த கட்டைப் பிரித்தோம்.