கோபத்துக்கு ஐந்து புள்ளி

ஃபேஸ்புக்கைத் திறந்ததும் கண்ணில் படும் முதல் பதிவு சும்மா வந்து அங்கே உட்கார்ந்துவிடுவதில்லை. நண்பர்களும் குழுக்களும் போட்டு வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான பதிவுகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியதை மேலே தூக்கி வைக்கிறது ஒரு கணக்கு. இதைப் பார்த்தால் நீங்கள் லைக் போடுவீர்களா, கமெண்ட் எழுதுவீர்களா, ஷேர் செய்வீர்களா என்று உங்கள் பழைய பழக்கத்தை வைத்துக் கணித்து, ஒவ்வொரு கணிப்பையும் அதற்குரிய எடையால், அதாவது அது எவ்வளவு முக்கியம் என்று காட்டும் எண்ணால், பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண் வந்துவிடும். அல்காரிதம் என்கிறோமே, அதன் அடிப்படை இவ்வளவுதான்.

சரி, அந்த எடையை நிர்ணயிப்பது யார்? கம்பெனிக்குள் இருக்கும் மனிதர்கள்தான். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

2016இல் லைக்கோடு இதயம், சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் என்று எமோஜிகளும் வந்தன. 2017இல் ஓர் எமோஜிக்கு ஐந்து லைக்கின் மதிப்பைக் கொடுத்தார்கள். லைக்கை ஒரே தட்டில் போட்டுவிடலாம், எமோஜிக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அதனால் அதில் ஈடுபாடு அதிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். கோபமான சிவந்த முகத்துக்கும் அப்போது அதே ஐந்துதான். ஒரு பொய்ச் செய்தியைப் பார்த்துக் கொதித்துப்போய் நீங்கள் கோப முகத்தை அழுத்தியிருந்தால், அது இன்னும் பல பேர் கண்ணில் பட நீங்களே உதவியிருக்கிறீர்கள். ஏன் அழுத்தினீர்கள் என்று அந்த அல்காரிதம் பார்க்காது. 2018இல் ‘அர்த்தமுள்ள உரையாடல்’ வேண்டும் என்று மொத்தக் கணக்கையும் மாற்றினார்கள். நீளமான கமெண்டுக்கு 30 புள்ளி வரை கிடைத்தது. நாலு பேர் நிதானமாகப் பேசுவதைவிட நாற்பது பேர் சண்டை போடும் இடத்தில்தான் நீளமான கமெண்டுகள் குவியும் என்று நமக்கெல்லாம் தெரியும்.

இதையெல்லாம் முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களிலிருந்துதான் உலகம் தெரிந்துகொண்டது. அவற்றில் என்னை மிகவும் உறுத்துவது போலந்து பற்றிய பகுதி. அங்கே ஒரு கட்சியின் சமூக ஊடகக் குழு, முன்பெல்லாம் தங்கள் பதிவுகளில் நல்லதும் திட்டும் பாதிக்குப் பாதி இருந்தது, 2018 மாற்றத்துக்குப் பிறகு 80 சதவீதம் எதிர்மறையாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறது. அதாவது பார்ப்பவர்களை மட்டுமில்லை, எழுதுபவர்களையும் அந்தக் கணக்கு மாற்றிவிட்டது. எது பரவுகிறது என்று கட்சிக்காரர்கள் கவனிக்கிறார்கள், அதையே அடுத்த நாளும் போடுகிறார்கள், அதற்கு வரும் கோபத்தைப் பார்த்து ‘மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்’ என்று கணக்கு இன்னும் அள்ளிக் கொடுக்கிறது. யாரும் சதி செய்யாமலேயே ஒரு நாட்டின் அரசியல் பேச்சு இப்படி முரடாகிவிட முடியும்.

கோப முகம் அதிகம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் நச்சும் அதிகம் என்று 2019இல் ஃபேஸ்புக்கின் சொந்த ஆய்வாளர்களே உறுதிசெய்துவிட்டார்கள். ஆனாலும் அதன் எடையைச் சுழியாக்க 2020 செப்டம்பர் வரை ஆனது. அப்புறம் என்ன நடந்தது? பொய்ச் செய்தியும் வன்முறைக் காட்சிகளும் மக்கள் கண்ணில் படுவது குறைந்தது. ஃபேஸ்புக்கில் மக்களின் நடமாட்டமோ குறையவே இல்லை என்கிறது அதே உள் ஆவணம். கோபத்தைக் குறைத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமே இல்லாமல் போனது.