லாரிக்கு எதற்கு யூரியா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி உரிமையாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சீக்கிரமே அது புகையைச் சுத்தப்படுத்த வண்டியில் ஊற்றும் யூரியா கரைசலில் வந்து நிற்கும். பழைய வண்டியை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிப்படி வந்த புது வண்டியோ டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்ததும் மேடு ஏறத் திணறுகிறது, ஸ்கேனர் இல்லாமல் யாரும் கைவைக்க முடிவதில்லை என்பது அவர்கள் குறை. நியாயமான குறைதான். ஆனாலும் சைலன்சருக்குள் நடப்பது தெரிந்தால், அந்தச் செலவில் ஒரு பகுதியைத் தவிர்க்க முடியும்.

டீசல் எரியும் கடும் சூட்டில், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. நுரையீரலைப் பதம் பார்க்கும் வாயுக்கள் இவை. கனரக வண்டிகளுக்கு முந்தைய பிஎஸ்-4 விதி, இன்ஜின் தரும் ஒவ்வொரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கும் 3.5 கிராம் வரை அனுமதித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 அதைச் சுமார் 0.4 கிராமாகக் குறைத்துவிட்டது. இன்ஜினை மட்டும் திருத்தி இந்த அளவுக்கு இறங்குவது கடினம். அதனால்தான் யூரியா கரைசல். அதில் 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி தாது உப்பு நீக்கிய தண்ணீர். சூடான புகைக்குழாயில் பீய்ச்சியதும் யூரியா உடைந்து அம்மோனியா ஆகிறது. தேன்கூடு போன்ற வினையூக்கியில் அந்த அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடைச் சந்திக்கும்போது, வெறும் நைட்ரஜனும் நீராவியும் வெளியேறுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இது.

சரி, கோளாறு எங்கே வருகிறது? பெரும்பாலும் மலிவான கரைசலில். வயலுக்குப் போடும் யூரியாவை போர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். நம் நாட்டு உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. போர் தண்ணீரில் கால்சியம், சோடியம் உப்புகள் இருக்கின்றன. இவை பீய்ச்சும் நுண்துளையை அடைக்கும், வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். புகையில் நைட்ரஜன் ஆக்சைடு கூடுவதை சென்சார் கண்டுபிடித்ததும், விதிப்படி கணினி இழுவிசையைக் குறைக்கிறது. இன்ஜின் நன்றாகவே இருக்கும், வண்டி மட்டும் இழுக்காது.

லோடுக்காக நிற்கும்போது மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிடுவதும் கெடுதல். புகைச் சூடு 200 டிகிரிக்குக் கீழே இறங்கினால் யூரியா முழுதாக உடையாமல் குழாயில் வெள்ளைக் கட்டியாக உறையும். கரியைப் பிடிக்கும் வடிகட்டிக்கும் அதே கதைதான்: சேர்ந்த கரியை எரிக்க 550 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வண்டி தானே அந்த வேலையைத் தொடங்கும்போது, அவசரமென்று டிரைவர் பாதியில் நிறுத்திவிட்டால் கரி தங்கிவிடும். அடிக்கடி நடந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அப்புறம் பட்டறைதான்.

இந்த அமைப்பையே துண்டித்துவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது டிரைவரும் சாலையோர டீக்கடைக்காரரும்தான்.

கேன் வைக்கும் இடத்தையும் பாருங்கள். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் கரைசல், 35 டிகிரியில் ஆறு மாதத்துக்குத்தான் தாங்கும். நம் கோடையில் அது நிழலில் இருக்கட்டும்.