முணுமுணுத்தால் மந்திரம் மறைந்துவிடாது

கட்டணம் பெற்றுக்கொண்டு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டங்களை நடத்துவது என் தொழில்; பாத்திரமேற்று, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் மேசை ஆட்டம் அது. ஒரே சண்டை மேசைக்கு மேசை திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன். கதையில் ஊர்த்தலைவர் எதிரே அமர்ந்திருப்பார், சுற்றிலும் காவலர்கள் நிற்பார்கள். இயற்கை மந்திரவாதியான ட்ரூயிட்டாக ஆடுபவர், “செடியோடு பேசுவதுபோல் முணுமுணுத்து, ஆளை மயக்கும் சார்ம் பெர்சன் மந்திரத்தைப் போடுகிறேன், யாருக்கும் தெரியாது” என்பார். தெரியும் என்று நான் சொன்னதும் ஆட்டம் நின்று வாதம் தொடங்கிவிடும்.

மந்திரச் சொல்லுக்கு வலிமை தருவது அதன் அர்த்தம் அல்ல; சரியான சுருதியும் அதிர்வும் கொண்ட ஒலிச்சேர்க்கை. 2014 விதிநூல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒலியை விருப்பம்போலக் குறைத்துக்கொள்ளலாம் என்று அதில் எங்கும் இல்லை. சார்ம் பெர்சனுக்குச் சொல்லோடு கையசைவும் வேண்டும். ஸ்டெல்த் பகடையை உருட்டி இருபது விழுந்தாலும் அது ஒளிந்து நிற்க உதவுமே தவிர, மந்திரம் சொல்வதை மறைக்காது. காட்டில் வளர்ந்தவர், இயற்கையின் பிள்ளை என்ற பின்னணிக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் கதை வேறு, திறன் வேறு.

மறைக்கும் திறனுக்கு விலை உண்டு. பிறவி மந்திரவாதியான சார்சரர், சொல்லும் அசைவும் இல்லாமல் மந்திரம் போட உதவும் சப்டில் ஸ்பெல்லைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் தன் மந்திரப் புள்ளிகளில் ஒன்றைச் செலவழிக்கிறார். 2014 விதியின்படி ட்ரூயிட்டுக்கு அது இயல்பாகக் கிடைப்பது கடைசி லெவலான இருபதில், ஆர்ச்ட்ரூயிட் ஆனபிறகுதான். முணுமுணுப்பை நான் இலவசமாக அனுமதித்தால், அதே மேசையில் புள்ளியை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் சார்சரர் எதற்காக அதைத் தேர்ந்தெடுத்தார்? அவர் பெரும்பாலும் வாய் திறந்து கேட்பதில்லை. முகம் வாடி உட்கார்ந்திருப்பார். என்னைக் கோபப்படுத்துவது அதுதான்.

ட்ரூயிட்டுக்கு இந்தத் திறன் முன்பே வேண்டுமா? 2020இல் வந்த மெட்டாமேஜிக் அடெப்ட் என்ற ஃபீட்டை, அதாவது கூடுதல் சிறப்புத் திறனை, எடுத்து அதில் சப்டில் ஸ்பெல்லைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு புள்ளிகள் கிடைக்கும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு அவை திரும்பும். ஆனால் 2014 விதியின்படி சப்டில் ஸ்பெல் சொல்லையும் அசைவையும் மட்டுமே நீக்கும், மந்திரத்துக்குக் கையில் வேண்டிய பொருளை நீக்காது. தடம் தெரியாமல் நடமாட உதவும் பாஸ் வித்தவுட் ட்ரேஸ் போடும்போது, அந்தப் பொருளுக்குப் பதிலாகக் கையில் ஏந்தும் புல்லுருவிக் கிளையைப் பார்ப்பவர் பார்க்கத்தான் செய்வார். கொடிகளால் சிக்கவைக்கும் என்டாங்கிள் போன்ற மந்திரங்களில் போட்டவர் யார் என்பது மறையலாம். தரையைப் பிளந்துகொண்டு எழும் கொடிகள் எப்படி மறையும்? சார்ம் பெர்சனில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் காலம் முடிந்ததும், தன்னை நீங்கள் மயக்கியது தலைவருக்கே தெரிந்துவிடும்.

பாத்திரம் உருவாக்கும் நாளிலேயே நடத்துநரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். நடு ஆட்டத்தில் கேட்காதீர்கள். நடத்துநர்களே, பகடை உருட்டி மறைக்க அனுமதிப்பது உங்கள் மேசையின் வழக்கம் என்றால், முதல் அமர்விலேயே அறிவித்துவிடுங்கள். சார்சரராக ஆடுபவர் தன் தேர்வை மாற்றிக்கொள்ளவும் அப்போதே வாய்ப்புக் கொடுங்கள்.