எத்தனை மணி நேரம், எத்தனை பாகை வெயில்?

மின்பகிர்மானத் துறையில் பாதுகாப்புத் தணிக்கை செய்பவன் என்பதால், தில்லித் தமிழ் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: ‘கைப்பேசி பேட்டரியே வெடிக்கிறது சார், துணைமின் நிலையத்தில் லாரி லாரியாகக் கொண்டுவந்து வைக்கிறார்களே?’ அச்சம் நியாயமானது. ஆனால் லித்தியம் பேட்டரிகள் எல்லாம் ஒரே வகை அல்ல.

2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் மின்சேமிப்பு நிலையத்தில் எரிந்தவை நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகை லித்தியம் கலங்கள். பழைய மின்நிலையக் கட்டடம் ஒன்றில், ஒரே கூரையின்கீழ் அடுக்கப்பட்டிருந்தவை. இன்று மின்கட்டமைப்புக்குப் பெரும்பாலும் வாங்கப்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. எடைக்கு எடை இதில் சேமிப்பு குறைவுதான் என்றாலும், தரையில் நிற்கும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டில்லை. இதில் ஆக்சிஜன் பாஸ்பரசுடன் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் வெளியேறித் தீயை வளர்ப்பதில்லை. (இவ்வகைக் கலங்களுக்கு வழிவகுத்த ஆய்வை 1980களில் பேட்டரி ஆய்வாளர் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து செய்தவர், தமிழ்நாட்டில் பிறந்த ஆறுமுகம் மந்திரம்.) ஆயினும் ‘இது எரியவே எரியாது’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். பழுதான கலம் ஹைட்ரஜன் கலந்த வாயுவைக் கக்கும். மூடிய கொள்கலனுக்குள் அது சேர்ந்து, ஒரு பொறியும் கிடைத்தால் வெடிக்கும். எனவே தணிக்கையில் நான் முதலில் தேடுவது வாயு உணரியையும், காற்றோட்ட வழியையும், கொள்கலன்களுக்கு இடையே விட்டிருக்கும் தூரத்தையும்தான்.

அப்படியானால் தீப்பிடிக்காத வனேடியம் பாய்வு பேட்டரியையே வைக்கலாமே என்பார்கள். இதில் மின்னாற்றலைச் சேமிக்கும் அமிலக் கரைசல் தனித் தொட்டிகளில் இருப்பதால், மின்சாரம் தரும் நேரத்தைக் கூட்டத் தொட்டியைப் பெரிதாக்கினால் போதும். சீனாவின் தாலியனில் 2022இல் இயங்கத் தொடங்கிய நிலையம் 100 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரவல்லது. ஆனால் கரைசல் ஏறத்தாழ 40 பாகை செல்சியசைத் தாண்டினால் வனேடியம் ஆக்சைடு படியத் தொடங்கும். தில்லியின் மே, ஜூன் மாதங்களை அனுபவித்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஏற்றிய மின்சாரத்தில் இரும்பு பாஸ்பேட் ஏறக்குறைய 85 விழுக்காட்டைத் திருப்பித் தர, வனேடியம் 70 அளவில்தான் தரும். குளிரூட்டும் செலவு அதற்கும் மேல்.

2024 ஜூன் 19 அன்று தில்லியின் உச்சத் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் பிற்பகலில் ஒன்றும் நள்ளிரவை ஒட்டி ஒன்றுமாக இரண்டு உச்சங்கள் வரும். தில்லியின் கிலோக்ரி துணைமின் நிலையத்தில் 2025இல் இயங்கத் தொடங்கிய 20 மெகாவாட், 40 மெகாவாட்-மணி பேட்டரி, முழு வீச்சில் இரண்டு மணி நேரம் தாங்கும். ஓர் உச்சத்தின் சுமையைக் குறைக்க அது உதவும், பகல் சூரிய மின்சாரத்தை இரவு முழுவதற்கும் நீட்டிக்க உதவாது. சோடியம் அயனி பேட்டரியோ, அடுத்து வரப்போகும் வேறொரு வகையோ, எதுவானாலும் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் நான் கேட்பது, உத்தரவாதத்தில் எழுதியுள்ள ஆயுள் எந்த வெப்பநிலைக்கானது என்பதைத்தான். 25 பாகை என்று பதில் வந்தால், 45 பாகைக்கான கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குகிறேன்.