அநாதைப் பிணமா, கேட்பாரற்ற உடலா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வரிகள் பழக்கமானவை: "சுமார் 45 வயது மதிக்கத்தக்க ஆண். மாநிறம். நீலக் கட்டம் போட்ட லுங்கி, வெள்ளை அரைக்கைச் சட்டை. வலது முழங்கையில் பழைய தழும்பு. பெயர், ஊர் தெரியவில்லை." இடம் மட்டும் மாறும். ஒரு நாள் தொப்பூர் கணவாய், ஒரு நாள் மொரப்பூர் பக்கத்துத் தண்டவாளம், இன்னொரு நாள் ஓசூர் பேருந்து நிலையம். கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார், போலீசார் வழக்குப் பதிவு செய்வார்கள், உடல் அரசு மருத்துவமனைப் பிணவறைக்குப் போகும். அந்த உடலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'அநாதைப் பிணம்'. அந்தப் பெயர் பொருந்தாது, அதை நாம் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் இரண்டாவது சொல் நம்முடையது. பிணம் பழைய தமிழ்ச் சொல். கன்னடத்தில் அது 'ஹெண', தெலுங்கில் 'பீனுகு'. மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்குவதால் மூன்றையும் அங்கே கேட்கலாம். முதல் சொல்தான் வெளியிலிருந்து வந்தது. வடமொழியில் 'நாத' என்றால் காப்பவர், தலைவர். 'அநாத' என்றால் காப்பவர் இல்லாதவர். அது தமிழுக்கு வந்து 'அநாதை' ஆயிற்று, 'அனாதை' என்றும் எழுதுகிறோம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையையும் இது குறிக்கும், யாருமே இல்லாதவர் எல்லோரையும் குறிக்கும். அது பிணத்தோடும் ஒட்டிக்கொண்டது.

ஆக, 'அநாதைப் பிணம்' என்றால் 'யாருமே இல்லாத ஒருவரின் பிணம்' என்று ஆகிறது. அது நமக்கு எப்படித் தெரியும்? ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சாலையில் அடிபட்டுக் கிடக்கும்போது, கைப்பேசி உடைந்தோ தொலைந்தோ போயிருந்தால், அவருடைய அம்மாவுக்குச் சேதி போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகலாம். அந்த அம்மா உயிரோடுதான் இருக்கிறார், பிள்ளையின் அழைப்புக்காகத்தான் காத்திருக்கிறார். அதற்குள் இங்கே நாம் அவர் பிள்ளையை அநாதை ஆக்கிவிடுகிறோம்.

சட்டம் இவ்வளவு தூரம் போவதில்லை. 'உரிமை கோரப்படாத உடல்' என்பதுதான் அதன் சொல். கேட்டு யாரும் வரவில்லை என்று மட்டும் அது சொல்கிறது, ஆளே இல்லை என்று சொல்வதில்லை. 'அடையாளம் தெரியாத உடல்' என்பது வேறு. சட்டைப்பையில் ஆதார் அட்டையோடு கிடந்தும் வாங்கிப் போக ஆள் வராத உடல் உண்டு. பெயர் தெரியாமல் இருந்து, தழும்பை வைத்துக் குடும்பம் கண்டுபிடித்து வாங்கிப் போன உடலும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால், தேடி வரும் குடும்பத்துக்குத்தான் சிக்கல்.

இந்த 'உரிமை' என்ன உரிமை என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீடு, நிலம் போல இறந்தவர் உடல் யாருக்கும் சொத்து ஆகாது. ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து நமக்கு வந்த கொள்கை இது. உறவினருக்கு இருப்பது உடலைப் பெற்று அடக்கம் செய்யும் உரிமை. அதை ஒரு கடமை என்றே சொல்லலாம், ஈமக்கடன் என்ற சொல்லில் கடன் இருப்பதும் அதனால்தான். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் 'உரிமையாளர்' என்று சொல்லாமல், உடலைச் சட்டப்படி தம் வசம் வைத்திருப்பவர் என்றுதான் பேசுகிறது. மருத்துவமனையிலோ சிறையிலோ இருக்கும் உடலை நெருங்கிய உறவினர் 48 மணி நேரத்துக்குள் கேட்டு வராவிட்டால், உறுப்பு எடுக்க அந்த நிர்வாகம் அனுமதி தரலாம் என்கிறது அதே சட்டம். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, இரண்டு நாள் தாண்டினால் உடல் கைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்தச் சட்டம் சொல்லும் கெடு உறுப்பு எடுப்பதற்கு மட்டும்தான். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் இறப்புக்கான காரணம் பற்றிய போலீசின் முதல்கட்ட விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் உடலை ஒப்படைப்பார்கள்.

'வாரிசு' என்ற சொல்லும் இங்கே ஆளைக் குழப்பும். அது அரபியிலிருந்து வந்த சொல், சொத்துக்கு உரியவர் என்று பொருள். உடலை வாங்கப் போன இடத்தில் "வாரிசு யாரு?" என்று கேட்டதும் சிலர் வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். அந்தச் சான்றிதழுக்கே முதலில் இறப்புச் சான்றிதழ் வேண்டும். உடலைப் பெற அது தேவைப்படாது. உறவைக் காட்ட ஆதார், குடும்ப அட்டை மாதிரி ஏதாவது இருந்தால் சரி. உடலைப் பெறும் முதல் உரிமை மனைவிக்கா, அண்ணன் தம்பிக்கா, மகளுக்கா என்று எல்லோருக்கும் பொதுவாக வரிசை போட்டுச் சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பங்காளிகளுக்கும் மனைவி வீட்டாருக்கும் இடையே தகராறு முற்றினால் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதுதான்.

கேட்க ஆளே வராத உடலுக்கும் உரிமை உண்டு. இறந்த பிறகும் மனிதருக்கு மாண்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொன்னது. வீடில்லாமல் தெருவில் இறப்பவருக்கும் அவருடைய மத வழக்கப்படி கண்ணியமான அடக்கம் வேண்டும் என்று 2002இல் ஆஷ்ரய் அதிகார் அபியான் வழக்கில் சொன்னது. இரண்டுக்கும் அடிப்படை அரசமைப்பின் 21ஆவது பிரிவு, அதாவது வாழும் உரிமை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆதரவற்ற பிணம்' என்றால் பழைய குறை அப்படியே இருக்கிறது. 'ஏதிலி' இப்போது அகதிகளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் 'உரிமை கோரப்படாத உடல்' போதும். செய்திக்கும் பேச்சுக்கும் நான் பரிந்துரைப்பது 'கேட்பாரற்ற உடல்'. "கேட்பாரற்றுக் கிடந்தது" என்று நாம் ஏற்கெனவே சொல்வதுதான். கேட்பார் இன்று இல்லை, நாளை வரலாம் என்பதற்கு அந்தச் சொல்லில் இடம் இருக்கிறது.

கேட்பவர் இரத்த உறவாகத்தான் இருக்க வேண்டுமா? அந்த நீலக் கட்டம் லுங்கிக்காரரைத் தேடி முதலில் வருபவர் பெரும்பாலும் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டாளியோ மேஸ்திரியோதான். தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது, அவன் 'ஈம ஒள்ளழல்' (சுடர்விடும் சிதைத் தீ) அருகே நின்று பாடியவர் ஔவையார். அது புறநானூற்றின் 231ஆவது பாட்டு. அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஔவையார் அவனுக்கு உறவல்லர், நட்பு. இன்றைக்கும் குடும்பம் தூரத்தில் இருந்து, எழுத்தில் சம்மதம் கொடுத்தால், கூட்டாளி உடலைப் பெற்றுக்கொள்ள வழி உண்டு.

எழுதும்போது 'கேட்பாரற்ற' என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள். பெயர் தெரிந்திருந்தால் பெயரோடு எழுதுங்கள். குடும்பம் வந்து வாங்கிப் போனதும் "உறவினரிடம் உடல் ஒப்படைக்கப்பட்டது" என்று அதே இடத்தில் இன்னொரு செய்தி போடுங்கள்.