காஸ்டிங்கைத் தரையில் இறக்காதீர்கள்: லேத் பட்டறையும் முதுகின் கணக்கும்

கோவை கணபதி, பீளமேடு பக்கத்துச் சிறு பட்டறைகளில் பம்பு உதிரிபாகம் கடையும் லேத்துக்கு (கடைசல் இயந்திரம்) அருகே தரையைப் பாருங்கள். ஃபவுண்டரியிலிருந்து வந்த காஸ்டிங்குகள், அதாவது உலோகத்தை உருக்கி வார்த்த துண்டுகள், குவிந்து கிடக்கும். டர்னர் (லேத் ஓட்டுபவர்) குனிந்து ஒன்றை எடுத்து, பொருளைக் கவ்விச் சுழற்றும் சக்கில் மாட்டிக் கடைவார். முடிந்ததை மறுபடியும் குனிந்து தரையில் வைப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு உருப்படி என்றால், எட்டு மணி நேரத்தில் 96 உருப்படி, 192 குனிவு.

ஒவ்வொரு குனிவிலும் நடப்பது நெம்புகோல் கணக்குதான். நம் முதுகுத் தசைகள் இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளிலிருந்து வெறும் 5 செ.மீ. பின்னால் நின்று இழுக்கின்றன. கையிலுள்ள 20 கிலோ காஸ்டிங்கோ 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. தூரம் பத்து மடங்கு, எனவே தசையும் பத்து மடங்கு இழுக்க வேண்டும்: 200 கிலோ. குனிந்த உடம்பின் மேற்பாதியைத் தாங்கவே ஏறக்குறைய இன்னொரு 200 கிலோ போகும். இத்தனையும் வட்டை நசுக்குகிறது. வட்டின் உட்பகுதியில் வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால் தொடக்கத்தில் உள்ளே தேய்வது தெரியாது. வலி வரும்போது சேதம் பழையதாகியிருக்கும்.

“குனியாதே, முட்டியை மடக்கி எடு” என்று சொல்வது வழக்கம். சிறிய பொருளுக்கு அது சரி. அகலமான பம்பு காஸ்டிங் இரு முட்டிகளுக்கு நடுவே நுழையாது. அப்போது முட்டியை மடக்கி உட்கார்ந்தால் சுமை இன்னும் முன்னால் தள்ளிப்போகும், முதுகின் பாரமும் கூடும். ஆளுக்குப் பாடம் நடத்துவதைவிடப் பொருளின் உயரத்தை மாற்றுவதுதான் வழி. இன்னொன்று: இரவில் படுத்திருக்கும்போது வட்டுகள் நீர் உறிஞ்சி உப்பிவிடும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து தூக்குவது அதிக ஆபத்து. ஷிப்ட் தொடங்கியதும் லோடு இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு உயரம்? நியோஷ் என்ற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய சூத்திரம் 23 கிலோவில் தொடங்கி, நிலைமை மோசமாக மோசமாக அதைக் குறைத்துக்கொண்டே போகிறது. பிடி (கை பிடிக்கும் இடம்) தரையிலிருந்து 15 செ.மீ., உடம்பிலிருந்து 50 செ.மீ., தூக்கும் உயரம் 90 செ.மீ. என்றால் பாதுகாப்பான எடை 8 கிலோதான். அதே பிடியை 75 செ.மீ. உயரத்துக்கும் உடம்பிலிருந்து 30 செ.மீ.க்கும் கொண்டுவந்து, 30 செ.மீ. மட்டும் தூக்கினால் 18 கிலோவுக்கு மேல் வரும். அடிக்கடி தூக்குவதற்கும் பிடி சரியில்லாததற்கும் இரண்டிலும் இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும்.

ஆகவே ஆங்கிள் அயர்னில் ஒரு ஸ்டாண்டு அடியுங்கள். காஸ்டிங்கைப் பிடிக்கும் இடம் 75 செ.மீ.யில் வரட்டும். டிராலியின் மேல்தட்டும் ஸ்டாண்டின் உயரமே இருந்தால் காஸ்டிங்கைத் தூக்காமல் நகர்த்தலாம். டிராலிச் சக்கரத்தின் விட்டம் 15 செ.மீ.க்குக் குறையக்கூடாது, சின்னச் சக்கரம் இரும்புச் சுருளில் சிக்கி நின்றுவிடும், தள்ளுபவர் முதுகுதான் அடிபடும். சக்கரத்துக்கு லாக் அவசியம். ஸ்டாண்டின் அடித்தட்டை மூடிவிடுங்கள், இல்லையேல் ஒரே வாரத்தில் கனமான சாமான்கள் அங்கே போய்விடும்.

ஸ்டாண்டு எடுக்கும் இடத்தைத்தான் சரிசெய்யும். சக்கில் மாட்டும்போது லேத்தின் நீளமான அடித்தளமான பெட்டுக்கு மேல் எட்டிப் பிடித்தாக வேண்டும், அங்கே தூரம் குறையாது. 15 கிலோவுக்கு மேல் போனால் அரை டன் செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) மாட்டிய சுழல்கை போடுங்கள். சக் சுற்றத் தொடங்கும் முன் கொக்கியை முழுதாக விலக்கிவிட வேண்டும். தொங்கும் சங்கிலியைச் சக் இழுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது லேத்தின் உயரம். வேலைச் செருப்போடு நின்று, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மையம் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்பிண்டில் 110 செ.மீ., முழங்கை 102 செ.மீ. என்றால் 8 செ.மீ. மரப்பலகை மேடை போதும். அது சக்கிலிருந்து லேத்தின் மறுமுனையிலுள்ள டெயில் ஸ்டாக் வரை நீள வேண்டும். பாதியில் முடிந்தால் கால் தவறும். ஆள் உயரமாக இருந்தால் லேத்தைத்தான் உயர்த்த வேண்டும். லேத்தின் காலடியில் தகடு கொடுத்தபின் ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பார்க்காமல் விட்டால் பெட் முறுக்கிக்கொள்ளும், உருப்படி டேப்பராக (ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும்) வரும். “உயர்த்தினால் மெஷின் கெட்டுவிடும்” என்ற பயம் இங்கிருந்து வந்ததுதான். மட்டம் பார்த்தால் ஒன்றும் ஆகாது.

அசையாமல் நிற்பதும் உழைப்புதான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். சும்மா நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். 15 செ.மீ. உயரத்தில் ஒரு குழாயைப் பொருத்தினால் கால் மாற்றி வைக்கலாம். எண்ணெய் தாங்கும் ரப்பர் விரிப்பும் உதவும். ஓரம் சுருண்டுவிட்டால் தடுக்கும் என்பதால் அன்றே மாற்றிவிட வேண்டும்.

நின்று வேலை செய்வோர் கிடைக்கும் இடைவெளியில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவில் எழுதியது. வெட்டும் கருவி தானாகவே நகரும் ஆட்டோ ஃபீடில் நீளமான ஷாஃப்ட் ஓடும் நிமிடங்கள் அப்படிப்பட்ட இடைவெளிதான். உயரமான ஸ்டூல் ஒன்று போடுங்கள், உட்கார்ந்தபடியே ஸ்டாப் சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில்.